மீதியை மேர் ஐயா சொல்வார்

மேர் ஐயாவின் முன்னால் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து நான் கேட்டதில்லை. பாதியில் வாங்கிக்கொள்வார். கனமான பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைக் கண்டால் எதிரே போய் வாங்கிக்கொள்வோமே, அப்படி. அதில் திமிர் கிடையாது. மனுசன் சொல்லுக்குத் திண்டாடுகிறானே என்கிற பதைப்புத்தான்.

மேர் என்பது பிரெஞ்சுக்காரர்கள் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொல். கொம்யூனுக்கு, அதாவது பல ஊர் சேர்ந்த பஞ்சாயத்துக்கு, தலைவர் என்று அர்த்தம். பதவி போய், பிறகு அப்படி ஒரு பதவியே இல்லாமல் போய், அவர் டிவியில் வர ஆரம்பித்த பிறகும் வில்லியனூரில் அவர் மேர் ஐயாதான். சொந்தப் பெயரும் இருந்தது. எழுதப்போவதில்லை. முதல் எழுத்தை எழுதினால் மீதியை அவரே வந்து முடித்துவிடுவாரோ என்று இப்போதும் எனக்கு ஒரு பயம்.

அவர் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அம்மா, குழம்புச் சட்டியோடு வந்து, "இன்னிக்கிக் கொழம்புல..." என்பார்.

"உப்பு கம்மி. பரவால்ல, ஊத்து."

"முருங்கக்கா போட்டிருக்கேன்னு சொல்ல வந்தேன்" என்று அம்மா அடுப்படிக்குள் போய்ச் சுவரிடம் சொல்வார். நாற்பது வருசக் குடித்தனத்தில் பாதியை அந்தச் சுவரோடுதான் நடத்தினார்.

எங்களுக்கு அது வேறு மாதிரி. அறுபதுகளில் காலையில் அவர் வீட்டு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சனங்கள் வரும். ஆபீசு என்றாலே கால் நடுங்குகிற சனங்கள். "ஐயா, எம் பையனுக்கு..." என்று ஒருவன் ஆரம்பித்தால், "பள்ளிக்கூடத்துல எடம் இல்லன்றான். வா போலாம்" என்று செருப்பை மாட்டுவார். வழி நெடுகப் பாடம் நடக்கும்.

"நீ பேசக் கூடாது. பேசினா ஒளறுவ. நான் பேசறேன். நீ இன்னா பண்ணணும்?"

"தலைய ஆட்டணும் ஐயா."

"எப்ப ஆட்டணும்?"

"நீங்க என்னியப் பாக்கறப்ப ஐயா."

அவ்வளவுதான். அதிகாரி மேசைக்கு முன்னால் அவர் ஆறு மாதிரி பேசுவார். நடுவில் லேசாகத் திரும்பி, "இன்னா, அப்படித்தானே?" என்பார். இவன் ஆட்டுவான். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும், மனைப்பட்டா கிடைக்கும். எங்கள் கொம்யூனில் ஒரு தலைமுறையே அந்தத் தலையாட்டலில்தான் கரை ஏறியது. குறை சொல்ல நான் யார்? என் கடைக்குக் கரண்ட் வந்ததும் அப்படித்தான். கம்பத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டினேன், வந்தது.

சில சமயம் பிசகும். ஒரு பெரியவர் வந்து, "எங்க வூட்டு எதிர்ல தெருக் கொழா..." என்றார்.

"இல்ல! இத்தினி வருசமாவா இல்ல? எவ்ளோ அநியாயம்!" ஐயாவுக்குக் கண் சிவந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் வழக்கப்படி ஆட்டினார். பத்து நாளில் அவர் வீட்டெதிரில் குழாய் வந்தது. ஏற்கனவே இருந்த குழாய்க்குப் பக்கத்திலேயே. அவர் சொல்ல வந்தது, இருக்கிற குழாய் ஒழுகி வாசலெல்லாம் சேறு, தள்ளிப் போடுங்கள் என்பது. பிறகு இரண்டு குழாயும் ஒழுகின. "ஏன் பெரியவரே, அங்கியே சொல்றதுதானே?" என்று கேட்டேன்.

"ஐயா அவ்ளோ நல்லாப் பேசிகினு இருந்தாரு. நடுவுல எப்படிப்பா?" என்றார்.

சிரித்தேன். அன்று சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஊரில் என் பெயரே மைக்குதான். கல்யாணம், காதுகுத்து, தேர்தல், தேவாலயத் திருநாள் எல்லாவற்றுக்கும் நான்தான் ஸ்பீக்கர்க் குழாய் கட்டுவேன். ஊரில் இருக்கிற எல்லா வாயையும் பெரிசாக்கிவிட்டவன். ஆனால் என் வாயிலிருந்து மைக்கில் வந்தது "ஹலோ, ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். நாலு என்று சொல்ல நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், முழங்கால் இரண்டும் தனித்தனியாக வீட்டுக்குக் கிளம்பும். தனியே இருந்தால் நான் பெரிய கோமாளி. மைக்கின் முன்னால் வாழைத்தண்டு.

பதவி போனபின் ஐயா சட்டசபைக்கு நின்றார். நின்றார் என்பதோடு விட்டுவிடலாம். மரத்தடி நாற்காலியில் பிறகும் உட்கார்ந்தார், ஆனால் வருகிறவர்கள் குறைந்தார்கள். பதவியில் இல்லாதவர் துணைக்கு வந்து பேசினால் அதிகாரி கேட்பானா? முடிக்க வாக்கியம் கிடைக்காமல் அவர் தவித்த தவிப்பை நான் பார்த்திருக்கிறேன். காக்கை கத்தினால்கூட, "இன்னா, சோறு வெக்கலையா?" என்பார்.

எண்பதுகளில் டிவிக்காரர்கள் வந்தார்கள். மெட்ராசிலிருந்து ஒரு வேன், ஒரு கேமரா, சட்டையை உள்ளே விட்ட ஒரு இளைஞர். அவர்தான் நிகழ்ச்சி தயாரிப்பவர். கிராமத்து சனங்களோடு உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சி. பாகூர் ஏரிக்கரையில் முதல் நாள் படம்பிடித்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் ரேஷன் கார்டுப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்தார்கள். அந்தப் பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஐயாவுக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் ஒரு விவசாயியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏரித்தண்ணி..." என்றான் அவன். மீதியை ஐயா சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து நிகழ்ச்சியை நடத்துகிறவரே அவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, எதிரே கட்டிலிலோ கல்லிலோ ஒரு ஆள். பட்டணத்தில் பார்த்தவர்கள், ஆகா, இந்தக் கிராமத்து மனிதர் எவ்வளவு இயல்பாகப் பேசவைக்கிறார் என்று கடுதாசி போட்டார்களாம். பேசவைத்தாரா? பேசினார். எதிரே இருந்தவர்கள் ஆட்டினார்கள். கொம்யூன் ஆபீசில் இருந்த பொது டிவிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து, "நம்ம ஆளு இன்னாமாப் பேசறான் பாரு" என்று ஆட்டினவனைப் பார்த்துப் பெருமைப்பட்டது.

என்னையும் ஒரு தரம் உட்காரவைத்தார். ஒலிபெருக்கித் தொழில் பற்றி. முந்தின நாளே காய்ச்சல் வந்தது, வரவில்லை என்றால் வரவழைத்திருப்பேன். "மைக்கு, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்த?" என்றார். எனக்கு வேர்வை புருவத்தில் நிற்கிறது. "வந்து..." என்றேன்.

"சின்ன வயசுலருந்தே ஒலி மேல ஒரு ஆசை. அப்படித்தானே?"

ஆட்டினேன். எங்கள் அப்பா ஒரு கடனுக்கு ஈடாக வாங்கிப்போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் அது, எனக்கு ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை. நிகழ்ச்சி வந்த மறுநாள் என் சம்சாரம் காபி கொடுத்துக்கொண்டே, "இத்தினி அறிவா ஒன்க்கு? வூட்டுல காட்டினதே இல்லியே" என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

அந்த நிகழ்ச்சிக்கு நான்தான் கரண்ட் வயர் இழுப்பேன், சுற்றி நிற்கிற கூட்டம் கேட்க ஒரு ஸ்பீக்கர் கட்டுவேன். அப்படித்தான் லூர்து வந்த அன்றும் இருந்தேன்.

லூர்து வில்லியனூருக்குப் பக்கத்து மாதாகோயில் பங்கைச் சேர்ந்தவள். புருசன் சூசை. இரண்டு பேரும் நடவு, அறுப்பு என்று கூலி வேலை செய்தவர்கள். சேதராப்பட்டுப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது சூசை ஒன்றில் சேர்ந்தான். பற்சக்கரம் ஓடுகிற ஒரு மிசினில் அவன் கை மாட்டியது. கை போய், மூன்றாம் நாள் ஆளும் போனான். அந்தச் சக்கரத்துக்கு மேலே ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். அன்று இல்லை. யார் கழற்றியது என்பதுதான் கேள்வி. கம்பெனி கழற்றியிருந்தால் அவன் இடத்தில் லூர்துக்கு வேலை. அவனே கழற்றியிருந்தால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு, வேலை கிடையாது. கம்பெனியில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஐயாவுக்கு இந்த உள் விவரம் தெரியாது. புருசனை இழந்த பெண், டிவியில் பேசினால் நாலு பேர் உதவுவார்கள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார். லூர்து அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தாள்.

கூட்டம் இன்னும் சேரவில்லை. கேமராக்காரர்கள் டீக்குப் போயிருந்தார்கள். ஐயா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான் மைக்கை அவளிடம் நீட்டி, "ஏதாச்சும் பேசும்மா, டெஸ்டிங்கு" என்றேன்.

மூச்சு விடாமல் சொன்னாள். "அந்த மூடிய மேஸ்திரிதான் போன வாரமே கழட்டச் சொன்னாரு, வேல சீக்கிரம் ஓடட்டும்னு. எங்க வூட்டுக்காரு வாணாம்னாரு. கேக்கல."

கணீரென்று கேட்டது. "போதும்மா, நல்லா இருக்குது" என்றேன். ஒலியைத்தான் சொன்னேன்.

பிறகு கேமரா வந்தது, விளக்கு வந்தது. லூர்து முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா லூர்து. அன்னிக்கி இன்னா நடந்துச்சு?"

"அந்த மிசின் மூடிய..." என்றாள். கண் நிறைந்தது.

ஐயாவுக்கும் கண் நிறைந்தது. அதுதான் கேடு. அழுகிறவளை மேற்கொண்டு பேசவிட அவருக்கு மனம் வரவில்லை. சூசையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "வேல சீக்கிரம் முடியணும்னு அவரே கழட்டி வெச்சிட்டாரு. தான் போனாலும் வேல நிக்கக் கூடாதுன்னு நெனச்ச மனுசன். அப்படித்தானே தாயி?"

அவளைப் பார்த்தார்.

அவள் ஆட்டினாள்.

என் கையில் வயர் இருந்தது. ஐயா, அது இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாய் திறந்தது. அதிலிருந்து காற்று வந்தது. மைக் செட்காரன் தொண்டையில் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஐயாவிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "சூசைய எப்படித் தூக்கி நிறுத்தினேன் பாத்தியா மைக்கு?"

"ஐயா, அவ சொல்ல வந்தது..."

"தெரியும்டா. புள்ளைங்களுக்கு ஒதவி. அது அடுத்த வாரம் சொல்றேன்." வேனில் ஏறிவிட்டார். எந்த வாக்கியத்தை எந்த மனுசனிடம் ஆரம்பிக்கிறோம் என்கிற புத்தி எனக்கும் வேண்டும்.

மூன்று நாள் அவரை வீட்டில் பிடிக்க முடியவில்லை. அதற்குள் நிகழ்ச்சி வந்துவிட்டது. ஊர் அழுதது. லூர்துவே தன் முகத்தை டிவியில் பார்த்து ஒரு நிமிசம் வெட்கப்பட்டுச் சிரித்ததாகச் சொன்னார்கள். மறுநாள் கம்பெனிக் கதவில் அவளிடம் சொன்னார்கள்: "ஊரே பாத்துச்சும்மா. உங்க வூட்டுக்காரரே கழட்டினாருன்னு நீயே ஒத்துக்கிட்ட."

அன்று மாலை மாமரத்தடிக்குப் போனேன். நின்றுகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றுவரை மேர் ஐயாவிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான். கண்ணைத் திறந்தபோது அவர் நாற்காலியில் சின்னதாக இருந்தார்.

"அப்ப அவ ஏண்டா தலைய ஆட்டினா?" என்றார்.

"நீங்க பாத்தீங்க ஐயா. ஆட்டினா."

அவர் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எங்கெங்கோ நடந்து, எழுதிப் போட்டு, விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். புதுச்சேரியில் ஒரு ஆபீசு அறை. ஒரு அதிகாரி, கம்பெனி வக்கீல், லூர்து, ஐயா, நான். பார்த்த சாட்சி ஒருத்தரும் வரவில்லை. வேலையில் இருக்கிறவன் எவன் வருவான்? ஐயா எழுந்து, "அந்தச் சொல்லு அவளோடது இல்ல, என்னோடது" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். என்னை எழுப்பினார்கள். எனக்குக் காது இரண்டிலும் ஸ்பீக்கர் ஊளையிடுகிற சத்தம். ஆனாலும் சொன்னேன், டெஸ்டிங்கில் கேட்டதைச் சொன்னேன்.

"தொழிற்சாலையில நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்லிங்க."

"உக்காருங்க."

அதிகாரி நல்ல மனிதர்தான். ஐயா பக்கம் திரும்பி, "இனி நீங்க ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. அந்தம்மா சொல்லட்டும், அவங்க சொல்றத எழுதறேன்" என்றார். ஐயா துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

லூர்து எழுந்தாள். "அந்த மூடிய..." என்றாள்.

நிறுத்தினாள். திரும்பி ஐயாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எங்கள் கொம்யூனில் எல்லோருக்கும் தெரியும். நான் ஆரம்பித்துவிட்டேன், இனி நீங்கள் என்கிற பார்வை. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அறையில் விசிறி மட்டும் ஓடியது. அவள் காத்திருந்தாள். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரியான வார்த்தை, இப்போது அவருக்குத் தெரிந்த வார்த்தை.

வக்கீல் மெதுவாக, மரியாதையாக, கிட்டத்தட்ட ஐயாவின் குரலிலேயே கேட்டார்: "உங்க வூட்டுக்காரர்தான் கழட்டினாரு. அப்படித்தானேம்மா?"

அவளைப் பார்த்தார்.

அவள் தலை ஆடியது. ஆடின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதை யாரும் எழுதவில்லை.

வெளியே வந்து பஸ்சுக்கு நின்றோம். லூர்து அழவில்லை. ஐயாவிடம் கேட்டாள்: "எங்க மாமியாருக்குப் பேசினீங்க, எங்க அண்ணனுக்குப் பேசினீங்க. எல்லாத்துக்கும் பேசினீங்களே, இன்னிக்கி மட்டும் ஏன்யா வாய மூடிக்கிட்டீங்க?"

இந்த மாதிரி நேரத்துக்கென்று நான் ஏதாவது கோணங்கித்தனம் வைத்திருப்பேன். தேடினேன். ஒன்றும் இல்லை. பஸ் வந்தது, ஏறினோம், மூன்று பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம்.

அடுத்த படப்பிடிப்பில் ஐயா ஒரு மீனவரை வீராம்பட்டினத்தில் உட்காரவைத்து, "இந்த வருசம் மீன்பாடு எப்படி?" என்று கேட்டார். "இந்த வருசம்..." என்றார் அவர். ஐயா காத்திருந்தார். மீனவரும் காத்திருந்தார். அலைச்சத்தம்தான் பதிவானது. ஐயா எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. தயாரிப்பாளர் கெஞ்சிப் பார்த்தார். கொஞ்ச வாரத்தில் வேறொருவர் வந்து நிகழ்ச்சியை நடத்தினார். அவரும் நன்றாகவே பேசினார்.

வீட்டிலும் அப்படியே ஆனார். அம்மா குழம்போடு வந்து, "இன்னிக்கி..." என்று நிறுத்துவாராம், பழக்கத்தில். ஐயா அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாராம். "பேசித் தொலைங்களேன்" என்று ஒரு நாள் அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். ஐயா லூர்து வீட்டுக்கு அரிசி அனுப்பினார். இரண்டு தரம் திரும்பி வந்தது, பிறகு திரும்பவில்லை. அவள் மடுகரைப் பக்கம் கரும்பு வெட்டப் போனதாகக் கேள்வி. அடுத்த மழைக்காலத்தில் ஐயா போய்விட்டார். மாரடைப்பு.

இரங்கல் கூட்டம் கொம்யூன் ஆபீசில். நான்தான் மைக். ஐயா படத்துக்கு மாலை. எல்லாக் கட்சியிலிருந்தும் வந்து பேசினார்கள். ஏழைகளின் குரல் என்றார்கள், நாவு இல்லாதவர்களின் நாவு என்றார்கள். சனங்கள் தரையில் உட்கார்ந்து ஆட்டினார்கள்.

நடுவில் பின்வரிசையிலிருந்து லூர்து எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கை முழுக்கக் கரும்புச்சோகை கிழித்த கீறல். மைக்கை நான்தான் கீழே இறக்கி அவள் உயரத்துக்கு வைத்தேன்.

"அந்த மூடிய..." என்றாள்.

நிறுத்தி, ஐயா படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். படம் சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்த மூடிய மேஸ்திரிதான் கழட்டச் சொன்னாரு. எங்க வூட்டுக்காரு வாணாம்னாரு. கேக்கல."

ஒருத்தர் தலையும் ஆடவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தை நடத்திய தலைவர், இப்போது ஐயாவைப் போல மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருகிறவர், கனைத்துக்கொண்டு மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். முகத்தில் அவ்வளவு பரிவு.

"அந்தம்மா இன்னா சொல்ல வர்றாங்கன்னா..."

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருசத்தில் ஒன், டூ, த்ரீக்குப் பிறகு கூட்டத்தில் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

"கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.